போர்டில் ‘இன்டர்நேஷனல்’, பிள்ளை வாயில் என்ன மொழி?

பெங்களூரில் இப்போது ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல் இல்லாத பள்ளிக்கூடப் போர்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே மளிகைக் கடை, மேலே மாடியில் நாலு வகுப்பு என்று நடத்துகிறவர்கூட இந்த ஒரு சொல்லை முன்னால் எழுதி வைத்து விடுகிறார். நம்மவர்களில் பலர் அதைப் பார்த்து மயங்கி, சொசைட்டியில் லோன் போட்டு, பி.எப். அட்வான்ஸ் எடுத்து, பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அதன் கதை டிரான்ஸ்பரில் தொடங்குகிறது. 1924ல் ஜெனிவா நகரில், சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்திலும் உத்தியோகம் பார்க்க வந்த பல நாட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றைக்கு ஜெனிவா, மூன்று வருஷம் கழித்து வேறு நாடு என்று போகிற குடும்பங்கள். நாட்டுக்கு நாடு பாடத் திட்டம் மாறினால் பிள்ளையின் படிப்பு என்னாவது? பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஒப்புக்கொள்ளும் ஒரே தேர்வு வேண்டும் என்று யோசித்து, 1968ல் ஏற்படுத்தியதுதான் ஐ.பி. என்கிற ‘இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்’. நம் கொடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார்களின் பிள்ளைகளுக்காக 1901ல் தொடங்கிய பள்ளி, 1976ல் இத்திட்டத்தை எடுத்துக் கொண்டது. இந்தியாவிலேயே முதலில் எடுத்துக் கொண்டது அந்தப் பள்ளிதான்.

டிரான்ஸ்பர் ஆர்டரைக் கையில் வாங்கியவனுக்கு இந்தக் கவலை புரியும். ஹூப்ளியிலிருந்து மைசூர், மைசூரிலிருந்து பெங்களூர் என்று மாறுகிற ரயில்வேக்காரனுக்கும் அதே கவலைதான். மத்திய அரசு ஊழியர்களின் அந்தக் கவலையைத் தீர்க்கத்தான் 1963ல் கேந்திரிய வித்யாலயாக்கள் வந்தன. மாஸ்கோவிலும் காட்மாண்டுவிலும் தெஹ்ரானிலும்கூட அவை இருக்கின்றன. ஆனால் அவற்றின் போர்டில் ‘இன்டர்நேஷனல்’ என்று யாரும் எழுதி வைக்கவில்லை!

பெங்களூரில் 1969லேயே ‘பெங்களூர் இன்டர்நேஷனல் ஸ்கூல்’ வந்துவிட்டது. பிறகு 1996ல் கனடியப் பள்ளி, 2000த்தில் ‘தி இன்டர்நேஷனல் ஸ்கூல் பெங்களூர்’, 2003ல் சர்ஜாபூர் பக்கம் இண்டஸ், தேவனஹள்ளி விமான நிலையம் திறந்த அதே 2008ல் வடக்கே ஸ்டோன்ஹில் என்று வரிசையாக வந்தன. கம்ப்யூட்டர் கம்பெனிகளும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளும் பெருகின. ஜப்பானியரும் கொரியரும் ஜெர்மானியரும் குடும்பத்தோடு வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய நம்மவர்களும், பணம் படைத்த உள்ளூர்க்காரர்களும் அவர்களோடு சேர்ந்து கொண்டார்கள். கட்டணம் வருஷத்துக்குப் பல லட்சம். மத்திய அரசு ஊழியருக்கு ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் கல்விப் படி 2024 ஜனவரியிலிருந்து மாதம் 2,812 ரூபாய் 50 காசு. அதை வைத்துக்கொண்டு இந்தப் பள்ளிகளின் கேட்டைத் தொடுவதாவது! டிரைவராகவோ ஆயாவாகவோ தோட்டக்காரராகவோதான் நம்மவர்கள் உள்ளே போய் வருகிறார்கள்.

இதில் எனக்குப் பொறாமை இல்லை. பணம் உள்ளவர் கொடுக்கிறார், பள்ளி வாங்குகிறது. என்னைத் தூங்க விடாமல் செய்தது வேறு விஷயம்.

ஐ.பி. பள்ளி ஒவ்வொன்றும் ‘மொழிக் கொள்கை’ என்று ஒன்றை எழுதி வைக்க வேண்டும். பிள்ளை வீட்டில் பேசும் மொழியைப் பள்ளி எப்படிக் காப்பாற்றும் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு வருஷப் படிப்பில், தான் நன்றாக அறிந்த மொழியின் இலக்கியத்தை மாணவன் ஒரு பாடமாகப் படிக்கிறான். அந்த மொழிக்குப் பள்ளியில் வாத்தியார் இல்லையென்றால், பள்ளியின் துணையோடு தானே படித்துப் பரீட்சை எழுதவும் ஏற்பாடு உண்டு. அதாவது, கொரியாக்காரர் பிள்ளைக்குக் கொரிய மொழி மறந்துவிடக் கூடாதே என்று லட்சக்கணக்கில் பணம் வாங்குகிற பள்ளி கவலைப்படுகிறது.

நம் பிள்ளைகள் போகும் பள்ளிகளில் என்ன நடக்கிறது? என் அக்கா பையன் படித்த பள்ளியில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம். கன்னடத்தில் பேசினாலும் அதே பத்து ரூபாய்தான். அந்த மட்டில் பாரபட்சம் இல்லை. டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்புவார்கள். அதைப் பார்த்து அத்திம்பேருக்குக் கோபம் வரவில்லை. “ஸ்டிரிக்டான ஸ்கூல்” என்று பெருமைப்பட்டார். இப்போது பையன் ஊருக்குப் போனால் பாட்டி கேட்பதற்கு ‘யெஸ்’, ‘நோ’ என்று பதில் சொல்கிறான். இங்கிலீஷில் நாலு வரி லெட்டர் எழுதச் சொன்னால் அதுவும் வரவில்லை.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டார கச்சேரியைக் கட்டிக் கொடுத்த காண்டிராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார், 1873ல் தண்டுப் பகுதியில் ஏழைப் பிள்ளைகளை நினைத்துத் தொடங்கியதும் இங்கிலீஷ் கற்பிக்கும் பள்ளிதான். சம்பாதித்த பணத்தை அவர் படிப்புக்குக் கொடுத்தார். அந்த அறநிலையம் இன்றும் நடக்கிறது. கன்னடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உப்புப் போட்டுச் சோறு தின்கிற ஊரின் பாஷையைக் கற்காதவன் எங்கே பிழைப்பான்? எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் கற்பிக்க வேண்டும் என்று 2015ல் சட்டம் வந்தது, நியாயமான சட்டம். நாலு பாஷைகளுக்கு நடுவில் வளரும் பிள்ளைக்கு மூன்று பாஷை ஒரு பாரமே அல்ல. அபராதம்தான் பாரம்.

சர்க்கார் வந்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது. எந்த மொழியில் படிப்பது என்பது பெற்றோர் விருப்பம் என்று 2014ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டது. தனியார் பள்ளிகளில் ஏழைகளுக்கு 25 சதவீத இடம் என்ற சட்டத்தையும் நம்பிப் பயனில்லை. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி இடம் தர வேண்டியதில்லை என்று கர்நாடக அரசு 2019ல் விதியை மாற்றிவிட்டது. பெங்களூரில் பக்கத்தில் அரசுப் பள்ளி இல்லாத தெரு எங்கே இருக்கிறது? ஆகவே பணம் கட்டுகிறவன்தான் கேள்வி கேட்க வேண்டும்.

முதலில், எந்தப் போர்டு என்று கேளுங்கள். மாநில அரசா, சி.பி.எஸ்.இ.யா, ஐ.சி.எஸ்.இ.யா? இணைப்பு எண் எங்கே? ‘இன்டர்நேஷனல்’ என்பது வெறும் பெயர்; அங்கீகாரம் அல்ல. சி.பி.எஸ்.இ. என்று நம்பிச் சேர்த்தோம், இணைப்பே இல்லையாமே என்று 2023 ஜனவரியில் இதே பெங்களூரில் ஒரு தனியார் பள்ளி வாசலில் பெற்றோர்கள் கூடிச் சத்தம் போட்டார்கள். அவர்கள் நம்மைவிடப் படித்தவர்கள், வசதியானவர்கள். அவர்களே ஏமாந்த ஊர் இது.

அடுத்தது தமிழ். கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழை முதல் மொழியாகவே எடுக்கலாம். சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. மொழிப் பட்டியல்களிலும் தமிழ் இருக்கிறது. “யாரும் கேட்பதில்லை, அதனால் டீச்சர் இல்லை” என்பதுதான் பள்ளிக்காரர்கள் சொல்லும் பதில். அது பொய்யும் அல்ல. ஒருவர் போய்க் கேட்டால் சிரித்து அனுப்புவார்கள். ஒரே தெருவில் இருக்கும் இருபது பேர் சேர்ந்து கேட்டால், இருபது பேரின் பீஸைக் கணக்குப் பார்ப்பார்கள். அல்சூர் ஏரிக்கரையில் 1991லிருந்து மூடிக் கிடந்த வள்ளுவர் சிலையைத் திறக்க நம்மவர்கள் 18 வருஷம் விடாமல் பாடுபட்டார்கள். 2009 ஆகஸ்ட் 9ந் தேதி சிலை திறந்தது. அந்தப் பிடிவாதத்தில் பத்தில் ஒரு பங்கை வகுப்பறைக்காகக் காட்டக்கூடாதா? 1950ல் தொடங்கிய, அதே ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்கத்தார் பெற்றோரைத் திரட்டி இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தால் பள்ளிகள் செவி சாய்க்கும்.

அட்மிஷன் பாரத்தில் ‘தாய்மொழி’ என்று ஒரு கட்டம் இருக்கும். வெட்கப்பட்டு அதை வெறுமையாக விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘இங்கிலீஷ்’ என்று எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தமிழ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இதைச் சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார், தமிழில் பேசினால் அபராதம் உண்டா என்று கிளார்க்கிடம் கேளுங்கள். ரசீது போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.