ஊருக்கெல்லாம் ஒரே சாவியா?



நம் பள்ளி இணையதளத்தில் மாணவர்களும் பெற்றோரும் மட்டும் பார்க்கும்படி ஒரு தனிப்பகுதி வரப்போகிறது. ஆண்டு விழாப் படங்கள், பரீட்சை மார்க், வீட்டு போன் நம்பர் எல்லாம் அதில் இருக்குமாம். நல்ல விஷயம்தான். ஆனால், "எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு போதும், பிரேயர்ல சொல்லிடலாம்" என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அது கூடவே கூடாது என்பது என் கருத்து.

600 பேருக்குத் தெரிந்த ஒன்று ரகசியமா? டியூஷன் ஃபிரெண்ட் கேட்டால் சொல்லிவிடுவோம். பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டாலும் சொல்லிவிடுவோம். பூட்டைப் பூட்டி, சாவியை அதிலேயே தொங்கவிட்ட மாதிரிதான். நாளைக்கு நம் தோழி ஒருத்தியின் படம் வெளியே போய்விட்டால், எடுத்தது யார் என்று எப்படித் தேடுவது? உள்ளே போனவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு! பிளஸ் டூ முடித்துப் போகிறவர்களை மட்டும் நிறுத்தவும் வழியில்லை. மாற்றினால் 600 பேருக்கும் மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் யோசியுங்கள். என் மார்க்கை நானும் என் அப்பா அம்மாவும் பார்த்தால் போதாதா? வகுப்பே பார்க்கணுமா? வந்திருப்பது யார் என்று தெரிந்தால்தானே, அவரவருக்கு உரியதை மட்டும் காட்ட முடியும்?

ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்பது புதுசு இல்லை. 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஒரே கம்ப்யூட்டரில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறையை ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ குழுவினர் செய்து காட்டினார்கள். ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் பார்க்காமல் இருக்க அந்த முறையில் தனித்தனி பாஸ்வேர்டு வைத்தார்கள்.

அங்கேயும் ஒரு கூத்து நடந்தது. 1960-களில் ஒரு நாள், தினசரி அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் பாஸ்வேர்டுப் பட்டியல் முழுசாக எல்லார் முன்னாலும் வந்துவிட்டது! பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்ததன் விளைவு அது.

அதற்கும் வழி உண்டு. ராபர்ட் மோரிஸ், கென் தாம்ஸன் இருவரும் 1979-ல் வெளியிட்ட கட்டுரையில் அதை விளக்கினார்கள். அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியுமா? அதுபோல பாஸ்வேர்டை அரைத்து, மாவை மட்டும் சேமிக்க வேண்டும். நாம் உள்ளே போகும்போது தட்டுவதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும் மாவு வேறாக இருக்க, ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறு எழுத்துகளைக் கலப்பார்கள். அதற்குப் பெயரே உப்பு!

"பசங்க மறந்துடுவாங்க, கம்ப்யூட்டர் சாருக்குத்தான் வேலை கூடும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் மறக்காத மாதிரி வைக்கலாமே. 2017-ல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், மாதாமாதம் மாற்றச் சொல்லாதீர்கள், சின்னங்கள் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், நீளம்தான் முக்கியம் என்று சொல்லிவிட்டது. சம்பந்தமே இல்லாத நாலு தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து அடித்தால் நமக்கு மறக்காது, அடுத்தவருக்கும் எளிதில் கிடைக்காது. பிறந்த தேதி மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படியும் மறந்தால், அடையாள அட்டையைக் காட்டி ஆபீஸில் புதுசு வாங்கிக்கொள்ளலாம்.

ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: ஆரம்பத்திலேயே ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள். அதற்கு ஒரு மாதம் ஆகும் என்றால் அந்தப் பகுதி ஒரு மாதம் கழித்தே வரட்டும். நாங்கள் காத்திருக்கிறோம். வெளியே போன படத்தைத் திரும்ப வாங்க முடியாது.

நண்பர்களே, நமக்கும் ஒரு கடமை உண்டு. உயிர்த்தோழனே கேட்டாலும், "உன்னுதை நீ போடு, என்னுதை நான் போடுறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை!



– பதினோராம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு