பிள்ளை தன் சிறுவயதைப் பற்றிக் கேட்கும்போது

இலண்டனில் இருக்கும் மகனோ மகளோ, முப்பத்தைந்து வயதில், திடீரெனத் தொலைபேசியில் "அம்மா, நான் எத்தனை வயதில் கதைக்கத் தொடங்கினேன்? மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினேனா?" என்று கேட்டால் எமது தாய்மார் திகைத்துப் போவர். "உனக்கு ஒரு குறையும் இல்லை மோனை" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவர். அன்பினால் சொல்லப்படும் இந்தப் பதில் பிள்ளைக்கு உதவாது என்பதே எனது கருத்து.

கேட்பதற்குக் காரணம் உண்டு. ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் சிறுவயதிலிருந்தே உள்ள ஒரு வேறுபாடு. பிறரோடு பழகுவதிலும் முகக்குறிப்பை விளங்கிக்கொள்வதிலும் சிரமம், ஒரே ஒழுங்கை விடாப்பிடியாகப் பற்றி நிற்றல், ஓசையையோ உடுப்பின் உரசலையோ தாங்கமுடியாமை என்பன அதன் அடையாளங்களிற் சில. 1943இல் லியோ கானர் என்னும் வைத்தியர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி இதனை எழுதினார். அதன்பின் நெடுங்காலம் இது பிள்ளைகளின் விடயமாகவே பார்க்கப்பட்டது. பிள்ளைகள் வளரமாட்டார்களா? படித்து, உத்தியோகமும் பார்த்து, மற்றவர்களைப் போல நடந்துகொள்ள முயன்று முயன்று களைத்தபின், நடுவயதில் வைத்தியரை நாடுவோர் பலர்.

இங்கிலாந்தில் முதலில் குடும்ப வைத்தியரிடம் போகவேண்டும். பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை நிரப்பக் கொடுப்பார்கள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் வந்தால் நிபுணரிடம் அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். இது தீர்ப்பல்ல, வாயிற்படி மட்டுமே. அதன்பின் நீண்ட காத்திருப்பு. 2020இல் கொரோனா பரவியதிலிருந்து இம்மதிப்பீடுகளிற் பல கணினித் திரை வழியாக நடைபெறுகின்றன. இதற்கென்று இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. இன்றைய நிலையை நிபுணர் நேரே கேட்டறிவார். ஆனால் அடையாளங்கள் சிறுவயதிலும் இருந்தனவா என்பதை, அந்த வயதிற் கண்டவரே சொல்லவேண்டும். திரை வழியாக நடப்பதால் இங்கிருக்கும் தாயும் அதிற் கலந்துகொள்ளலாம்.

எமது சிக்கல் இங்கேதான். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் புறப்பட்டவர்களுக்குக் கிளினிக் காட்டும் பள்ளிக்கூட றிப்போட்டும் எங்கே மிஞ்சின? திகதி ஞாபகமில்லை என்று கவலைப்படத் தேவையில்லை. கமக்காரரிடம் வேறொரு நாட்காட்டி உண்டு. வெங்காயம் கிண்டிய நேரம், புகையிலை நட்ட வருடம், தென்மராட்சியிற் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த மாரி என்று நினைத்துப் பார்த்தால் வயது தானாக வரும்.

இன்னொன்று கடினமானது. பொம்பர் சத்தத்துக்குக் காதைப் பொத்தாத பிள்ளை எங்கே இருந்தது? முகாமிற் பேச்சிழந்து இருந்த பிள்ளைகள் எத்தனை பேர்! எல்லாவற்றையும் யுத்தத்தின்மேற் போட்டுவிடுவது எமக்கு இலகு. ஆகவே இடம்பெயர்வதற்கு முன்னர் எப்படி இருந்தது என்பதைத் தனியாக நினைத்துப் பாருங்கள். அதே பதுங்குகுழியில் இருந்த தமையனும் தங்கையும் எப்படி இருந்தார்கள்? நீரிறைக்கும் மெசினுக்கும் கோயில் மேளத்துக்கும் அந்தப் பிள்ளை மட்டும் அழுததா? கோப்பை மாறினால் சாப்பிட மறுத்ததா? பெண்பிள்ளை என்றால் "அமைதியான பிள்ளை" என்று நாங்கள் மெச்சியதற்குள்ளும் ஏதாவது இருந்திருக்கலாம். இப்படி இருந்ததெல்லாம் ஓட்டிசம் என்று ஆகிவிடாது. கண்டதைக் கண்டபடி சொல்வதே உங்கள் வேலை, பெயர் வைப்பது நிபுணரின் வேலை.

தாய்மார் வாய்திறக்க அஞ்சுவதற்குக் காரணம் வெட்கம். அன்பற்ற தாயாலேயே ஓட்டிசம் வருகிறது என்று ஒருகாலத்தில் மேல்நாட்டு அறிஞர்களே எழுதினார்கள். 1967இல் வெளிவந்த புறூணோ பெற்றல்ஹைமின் நூல் அதனைப் பரப்பியது. அக்கொள்கை பிழையென்று கைவிடப்பட்டுப் பல காலமாயிற்று. மற்றப் பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயமும் எம்மிடம் உண்டு. ஊருக்குச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லையே!

இந்த வயதில் இனி எதற்கு என்று கேட்போரும் உளர். பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, வலுக்குறைவுள்ள ஊழியருக்கு வேலைகொடுப்போர் நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுக்கவேண்டும். சத்தம் குறைந்த இடத்தில் இருந்து வேலைசெய்யக் கிடைப்பதே சிலருக்குப் பெரும் விடுதலை.

தாய் இல்லையென்றால் மூத்த சகோதரமோ, மாமியோ, படிப்பித்த ரீச்சரோ சொல்லலாம். ஒருவருமே இல்லாவிட்டாலும் மதிப்பீடு நின்றுவிடாது. நினைவு வருவதைச் சில நாட்களாகக் கொப்பியொன்றில் எழுதிவையுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்கவிடாமல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்; பிள்ளையின் முன்னிலையிற் சொல்லக் கூசும் விடயங்களும் இருக்கும். கைத்தொலைபேசிக்கு முதல்நாளே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். குளிர்காலத்தில் அவர்களின் காலை 10 மணி எமக்குப் பிற்பகல் 3.30, கோடையில் 2.30. நேரத்தைச் சரியாகக் கேட்டுவைத்தால், அன்றைக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாற வேறொருவரை ஒழுங்குபண்ணலாம்.