ஹெரால்டைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்

வீட்டோரம் பதினைந்து, இருபது வருஷமாகத் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் காரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே தீர்ப்புதான் வருகிறது: "அது இனித் தேறாது, எடைக்குப் போட்டுவிடுங்கள்." எஞ்சின் ஜாம், பாடி துரு, ஸ்பேர் கிடையாது, சட்டம் விடாது, செலவு கட்டாது என்று காரணங்களும் வரிசையாக வரும். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டைப் பொறுத்தவரை, இவற்றில் பெரும்பாலானவை தவறு. உண்மை எங்கே இருக்கிறதோ அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எஞ்சின். நின்ற வண்டியில் ஜாம் என்பது அநேகமாகச் சிலிண்டர் சுவரில் படிந்த மெல்லிய துருவில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டதுதான். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, முன்புற புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். உண்மையான சேதம் அவசரத்தில்தான் நடக்கிறது. புது பேட்டரியை மாட்டி உடனே செல்ஃப் அடிப்பார்கள். அல்லது கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுப்பார்கள். ஒட்டிக்கிடக்கும் வால்வு அசையாது, புஷ் ராடு வளைந்துவிடும். பிறகு "சொன்னேனே, எஞ்சின் போச்சு" என்பார்கள். இந்த எஞ்சினில் பார்க்க வேண்டிய பலவீனம் வேறொன்று: கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷர். ஒருவர் கிளட்ச் மிதிக்க, இன்னொருவர் முன்புற புல்லியைக் கவனிக்கட்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னே பின்னே நகர்ந்தால், ஓட்டுவதற்கு முன் வாஷரை மாற்றியே ஆகவேண்டும்.

எனக்குக் கவலை எஞ்சினைப் பற்றியே அல்ல, பிரேக்கைப் பற்றி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நின்ற வண்டியில் வீல் சிலிண்டர்கள் உள்ளே அரித்துப்போயிருக்கும். நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஓரிடத்தில் ஹோஸ் வெடித்தால் மிதி அப்படியே தரைக்குப் போய்விடும். எனவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் மூன்றையும் முடிக்காமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்கக் கூடாது.

அடுத்தது துரு. மற்ற வண்டிகளை வைத்து ஹெரால்டை எடைபோடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. அம்பாசடரிலும் பத்மினியிலும் பாடிதான் வண்டியின் எலும்பு. அது அரித்தால் வேலை கடினம். ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. காரணம் வரலாற்றில் இருக்கிறது. இங்கிலாந்தில் மூல நிறுவனமான ஸ்டாண்டர்டுக்குப் பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதனால், பல சிறு ஆலைகளில் பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும்படி ஹெரால்டை வடிவமைத்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. பானெட் முழுதாக முன்பக்கம் கவிழும், பாடி துண்டு துண்டாகக் கழலும். உதிரிகளாக வந்து பூட்டப்படுவதற்கென்றே பிறந்த காரைச் சரிசெய்ய முடியாது என்பது விநோதமான வாதம்.

சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில்தான் சேறு தங்கித் துரு முதலில் பிடிக்கும். அவை மடித்த தகடுகள். நல்ல வெல்டிங் பட்டறையில் புதிதாகச் செய்துவிடலாம். வெட்டுவதற்கு முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே கம்பி வைத்து டேக் அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாடி வளைந்து, பிறகு கதவே சாத்தாது. ஓட்டையை பட்டி வைத்து மூடி பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நடுவில் ஓடும் இரண்டு மெயின் உத்தரங்களும் நீளத்துக்கு அரித்து ஓட்டையாகியிருந்தால் மட்டும், தேறாது என்பவர் சொல்வது சரி.

ஸ்பேர் கிடையாது என்பது பாதி உண்மை. இந்தியாவில் மட்டும் வந்த நாலு கதவு மார்க் 3இன் பின்கதவு, கண்ணாடி, பீடிங் போன்றவற்றுக்கு அலையத்தான் வேண்டும். ஓடத் தேவையானவை அப்படியல்ல. ஹெரால்டின் முன் சஸ்பென்ஷன் அடிப்படையிலேயே ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஓடியது. எஞ்சினும் அதே குடும்பம். பிரிட்டனில் அந்த வண்டிகளுக்கு இன்றும் புதுப் பாகங்கள் செய்கிறார்கள். முன் சஸ்பென்ஷனின் ட்ரனியனை மாற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில். கிரீஸ் அடித்துவிட்ட வண்டியில் தண்ணீர் புகுந்து தண்டு அரித்து, ஒருநாள் சக்கரமே மடங்கும். இன்னொன்று: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னும். எரிபொருள் ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினால் போதும்.

சட்டம் பற்றிய பயம் டெல்லிச் செய்திகளிலிருந்து வந்தது. பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் என்ற தடை தலைநகர் வட்டாரத்துக்கானது. இங்கே தனியார் காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். கட்டணம் 2022இல் கூடியது உண்மை. விட்டுப்போன காலத்துக்குத் தாமதக் கட்டணமும் சேரும். 50 வருஷம் கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அதில் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே தெருவில் எடுக்கலாம். ஓட்ட ஆசைப்படுபவருக்குச் சாதாரணப் புதுப்பித்தலே நல்லது.

செலவு கட்டாது என்பதை மறுக்கமாட்டேன். போட்ட பணம் விற்கும்போது திரும்பாது. ஆனால் விற்பதற்காக யாரும் அப்பாவின் ஹெரால்டைச் சரிசெய்வதில்லை. எடைக்குப் போட்டால் வருவது இரும்பின் விலை. வண்டலூரில் இனி இன்னொன்று செய்யப்போவதில்லை. காயலான் கடைக்காரரை வரச்சொல்வதற்கு முன், ஒரு சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, அந்த இரண்டு உத்தரங்களையும் முன்னிருந்து பின்வரை தட்டிப் பாருங்கள்.