விடைக்கு வினா போதும்



மானாம்பதியில் இருந்துகொண்டு, 'தோல் அரிப்புக்கு மருந்து என்ன?' என்று கைப்பேசியில் தேடுகிறீர்கள். வீட்டாரிடம்கூடச் சொல்லத் தயங்கிய செய்தி அது. அது மறைகுறிகளாக மாறி, ஒட்டிய உறையிலிட்ட கடிதம்போல் இணையத்தில் செல்கிறது. வழியில் எவரும் படிக்க இயலாது. ஆனால் உறையைப் பிரிக்கும் தேடுபொறி படித்தாக வேண்டும். பல தேடுபொறிகள் அதைக் குறித்தும் வைக்கின்றன.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா? போதாது. 2006-ல் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், சுமார் 6,50,000 பேரின் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண்ணிட்டு வெளியிட்டது. ஊர், குடும்பப் பெயர், உடல்நோவு பற்றிய தேடல்களைக் கோத்துப் பார்த்த செய்தியாளர்கள், ஒரு பெண்மணியை இன்னார் என்று கண்டுபிடித்துவிட்டனர்!

விடை தர வினா போதும். வினவியவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. டக்டக்கோ, ஸ்டார்ட்பேஜ் போன்றவை தேடலை ஆளோடு சேர்த்துச் சேமிப்பதில்லை என உறுதி கூறுகின்றன. தேடிய சொல்லுக்கேற்ற விளம்பரமே அவற்றின் முக்கிய வருவாய். எனினும், நீங்கள் அடுத்துத் திறக்கும் தளம் உங்களைக் கவனிப்பதை அவை முற்றிலும் தடுக்க இயலாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஏட்டோடு நிற்கலாமா? பள்ளிக் கணினிகளில் இத்தகைய தேடுபொறியே முதலில் திறக்க வேண்டும் என்பது எமது கருத்து. உங்கள் கருத்து என்ன? வகுப்பில் விவாதியுங்கள்.