ஞாயிற்றுக்கிழமைக் காமிராவும் எண்ணூர்க் கரையும்

பொழுதுபோக்காகக் காமிரா பிடிப்பவரை நம்மவர்கள் பெரிதாக மதிப்பதில்லை. "அமெச்சூர்தானே!" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். கல்யாண வீட்டில் படம் எடுப்பவருக்காவது பந்தியில் ஓர் இலை உண்டு. சொந்தக் காசில் காமிரா வாங்கி, விடியற்காலையில் காசிமேட்டில் போய் நிற்பவருக்கு, "வேறு வேலை கிடையாதா?" என்ற கேள்விதான் மிச்சம்.

ஆனால், சென்னைப் பட்டணத்தில் அமெச்சூர் என்ற சொல்லுக்குப் பழைய கௌரவம் ஒன்று உண்டு. 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், நாடகத்தைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்ல. பின்னாளில் வக்கீலாகி, நீதிபதியாகவும் இருந்தவர். கூத்தாடி என்றாலே முகம் சுளித்த காலத்தில், படித்தவர்களை மேடை ஏற்றிய பெருமை அந்த அமெச்சூர்களுக்கே உரியது. புகைப்படக் கலையும் அப்படித்தான் இங்கே கால் ஊன்றியது. 1850-களில் சென்னையில் போட்டோ சங்கம் அமைய முன்நின்ற டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர், தொழிலால் ஒரு வைத்தியர்!

அந்த மரபில் வருகிறவர்கள்தான் இன்று ஞாயிறு தோறும் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் வண்டி ஏறுகிறார்கள். பகலில் இயற்கைக் காட்சி, இரவில் கூத்து. இரண்டும் ஒரே வட்டாரத்தில் கிடைப்பது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

கரையைத் தின்ற கடல்

கீழ்க்கடற்கரையில் சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. எண்ணூரில் ஒரு விசேஷம். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் நின்றால், மாலையிலும் நீர்ப்பரப்பின் மேல் செவ்வானத்தைப் பார்க்கலாம். நடுவே படகுகள், தூரத்தில் புகைபோக்கிகள், உயர்மின் கோபுரங்கள்.

இங்கேதான் தகராறு. பலர் புகைபோக்கியை வெட்டிவிட்டுப் படகை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. அது எண்ணூர்தானா என்று கேட்டால், பதில் இல்லை. வேறு சிலர் நேர் எதிர். புகையையும் குப்பையையும் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. அங்கே வலை வீசுகிற மனிதனின் லாகவம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இரண்டு பேருமே பாதிப் படம்தான் எடுக்கிறார்கள்.

இந்தக் கரைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் செயற்கைச் சுவர்கள் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலுக்குள் நீண்டன. இந்தக் கடலோரத்தில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் வழியை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்து, ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தெற்கே காற்று வாங்குகிற ஊருக்கு, வடக்கே வீடு பறிகொடுத்த ஊரின் கணக்கு தெரிவதில்லை! மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் குவியல்.

மறைந்தது மணல் மட்டுமா? 1970-ல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதன் புகையைச் சபித்தவர்களும், அங்கே உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். ஆக, இன்று எடுக்கிற படம் நாளைக்குச் சாட்சி. இடமும் தேதியும் குறிக்காமல் கம்ப்யூட்டரில் போட்டு வைத்த படம், கையெழுத்து இல்லாத பத்திரம் மாதிரி.

2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. ஆட்கள் வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சியை நாடு முழுவதும் பார்த்தது படங்களால்தான். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் கலந்தபோது, சிறகெல்லாம் கறை படிந்த கூழைக்கடாக்களைக் காட்டியதும் காமிராதான். ஆயிரம் மனு எழுதினாலும் அந்தப் பறவையைப் போல் பேசாது.

திரை விலகும் நேரம்

கூத்துப் படம் எடுப்பது வேறு வித்தை. கட்டியக்காரன் வந்து கதை சொல்லுவான். பிறகு இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் நின்று பாடுவான். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். திரை விலகும் அந்தக் கணத்தைத் தவறவிட்டால், விடியும் வரை விழித்திருந்தும் பிரயோசனம் இல்லை.

வெளிச்சம் வேறு சதி செய்யும். பெட்ரோமாக்ஸ் காலத்தில் இருட்டு ஒன்றுதான் தொல்லை. இப்போது பல நிறத்து எல்.இ.டி. விளக்குகள், வேகமாக ஷட்டரைத் திறந்து மூடினால் படத்தில் கோடு கோடாக விழும். மெதுவாகத் திறந்தால், சுழன்றாடுகிறவர் கலங்கிப் போவார். ஃபிளாஷ் போட்டால்? நடிகருக்குக் கண் கூசும். அரிதாரத்தின் மினுமினுப்பும் செத்துப் போகும். முன் வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் கோபம் வரும். அவள் கோபம் நியாயமானது. கூத்து நடப்பது அவளுக்காக, காமிராவுக்காக அல்ல.

ஒப்பனைக் கொட்டகைக்குள் அழைக்காமல் நுழைவதும் பண்பல்ல. அரை முகம் பூசியிருக்கும் மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

யார் கையில் காமிரா?

மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனாகப் பிறந்த எம். பழனிகுமார், சென்னையில் மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுக் கொடுத்து வருகிறார். மலக்குழித் தொழிலாளர்களின் துயரத்தைப் படமாக்கிப் பேர் பெற்றவர் அவர். வெளியூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற எண்ணூர் வேறு. அங்கேயே குடியிருக்கும் பிள்ளை செவ்வாய்க்கிழமை பார்க்கிற எண்ணூர் வேறு. அந்தப் பிள்ளைக்குப் புகைபோக்கி காட்சி அல்ல, அண்டை வீடு.

அதற்காக, வெளியூர் அமெச்சூர்கள் காமிராவை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எடுத்த படத்தைக் காகிதத்தில் பிரதி போட்டு, எடுத்த இடத்திற்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். தபால் அட்டை அளவுப் பிரதிக்கு ஆகிற செலவு, வரும் வழியில் குடிக்கிற டீக்கு ஆகிற செலவுதான். துரியோதனன் வேஷம் கட்டியவர் வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம். கல் கொட்டிய கரையில் குடியிருப்பவர் கையில், தேதி போட்ட இன்னொரு படம். பழைய கரை எதுவரை இருந்தது என்று அதிகாரிகள் கேட்கும் நாளில், அவர் அதை எடுத்துக் காட்டுவார்.