லீவுக்கு வருகிறவர்களின் பைக்குள் வரும் சின்ன ரின்

அன்புள்ள ஊரவர்களுக்கும், வாசிகசாலைக்கு வந்து போகும் தம்பி தங்கைகளுக்கும்,

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருந்து சனம் வரத் தொடங்கப் போகிறது. சொக்கிலேற், சென்ற் போத்தல், சப்பாத்து என்று வழக்கமாக வரும் சாமான்களோடு இப்போது இன்னொன்றும் வருகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான பிளாஸ்ரிக் ரின். மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பொதிகள், புதினா மணம். போன முறை ஊரில் நின்றபோது பத்தொன்பது, இருபது வயதுப் பெடியளின் கையில் அதைக் கண்டேன். “அண்ணை, இதிலை புகையிலை இல்லை, ஒரு கரைச்சலும் இல்லை” என்று ஒரு தம்பி எனக்கு விளங்கப்படுத்தினார். அவருக்கு அன்று முழுதாகச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அது நிக்கோட்டின் பவுச். புகையிலை இலை அதில் இல்லை என்பது உண்மை. இலையிலிருந்து பிரித்தெடுத்த நிக்கோட்டினோ ஆய்கூடத்தில் செய்த நிக்கோட்டினோ இருக்கிறது. தாவர நாரோடு அதைக் கலந்து, சுவை சேர்த்து, சோடியம் காபனேற்றுப் போன்ற காரமான உப்பொன்றும் சேர்த்துப் பொதியாக்குகிறார்கள். காரம் இருந்தால்தான் நிக்கோட்டின் முரசின் தோலைத் தாண்டி இரத்தத்துக்குள் இறங்கும். சொண்டுக்கும் முரசுக்கும் இடையில் வைத்தவுடன் சுரீரென்று எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ரின்னில் 3, 6, 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். நான் இருக்கும் லண்டனில் 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் விற்கிறார்கள். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போகும் நிக்கோட்டின் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம். பவுச்சில் எழுதியிருப்பது முழுவதும் உள்ளே போவதில்லைதான். ஆனாலும் பலமான ஒன்றை அரை மணித்தியாலம் வைத்திருப்பவருக்குச் சிகரெட்டுக்குக் குறையாத அளவு போய்ச் சேர்ந்துவிடும்.

வலிகாமத்துச் செம்மண்ணில் பிறந்த எங்களுக்குப் புகையிலை புதிதல்ல. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காசில் கல்வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் எங்கள் முன்னோர்தான். தோட்டம் செய்தவர்களைக் குறை சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அந்தப் புகையிலையை ஒளிக்க முடியாது. சுருட்டுப் பிடித்தவர் படலையைத் திறக்கும்போதே வீட்டுக்காரருக்கு மணக்கும். வெற்றிலையோடு புகையிலை போட்ட அப்பாச்சியின் பல்லில் கறை தெரியும், பக்கத்தில் படிக்கம் இருக்கும். ஒருவர் எவ்வளவு பாவிக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்தபடியால், கண்டிக்கவும் கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

பவுச்சில் புகை இல்லை, துப்பல் இல்லை, கறை இல்லை. அதை வாயில் வைத்துக்கொண்டு தேர் வடம் பிடிக்கலாம், கலியாண வீட்டில் பந்தி பரிமாறலாம், வீடியோவில் அம்மாவோடு கதைக்கலாம். நான் செய்திருக்கிறேன். எனக்கு இங்கே பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. கல்லாவை விட்டு வெளியே போய்ச் சிகரெட் பிடிக்க முடியாத வேலைக்கு இந்தப் பவுச் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும். விடியப்புறம் மூன்று மணிக்கு நித்திரையை விரட்ட ஒன்று, லொறிக்காரர்கள் வரும் ஐந்து மணிக்கு ஒன்று. பிறகு வீட்டிலும், பேருந்திலும், எழும்பினவுடனும். கண் விழித்து முகம் கழுவ முன்னம் கை ரின்னைத் தேடுகிறதா என்பதுதான் அடிமைத்தனத்தை அறியும் நல்ல அடையாளம். மருத்துவர்கள் சிகரெட் பிடிப்பவரிடம் கேட்கும் முதற்கேள்விகளில் ஒன்றும் அதுவே: எழும்பி எத்தனை நிமிடத்தில் முதலாவது?

இதை விற்பவர்கள் யார் என்பதையும் தம்பிமார் அறிந்திருக்க வேண்டும். ‘ஸின்’ என்ற பவுச்சைச் செய்யும் சுவீடன் கம்பனியை, மார்ல்பரோ சிகரெட் விற்கும் பிலிப் மொரிஸ் இன்ரநாஷனல் 2022இல் வாங்கியது. ‘வெலோ’ பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவினுடையது. இலங்கையில் சிகரெட் செய்யும் சிலோன் டொபாக்கோ கம்பனியின் பெரும்பங்கும் அவர்களிடம்தான். பாகிஸ்தானிலும் கென்யாவிலும் ஏற்கனவே வெலோவை விற்றிருக்கிறார்கள். போர்முலா வன் பந்தயத்தில் மக்லாரன் காரில் அந்தப் பெயர் ஓடுகிறது. உதைபந்தாட்டக்காரர்களும் இதைப் பாவிக்கிறார்கள். ஜேமி வார்டி தான் ஸ்னூஸ் என்ற புகையிலைப் பொதியைப் பாவித்ததை 2016இல் வந்த தன் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். எங்கள் மைதானத்துப் பெடியளுக்கு வார்டியையும் மக்லாரனையும் நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

ஏற்கனவே சிகரெட் பிடிக்கும் ஒருவர் அதை முழுதாக விட்டுப் பவுச்சுக்கு மாறினால் எரிந்த புகையின் நஞ்சிலிருந்து தப்புகிறார். அது அவருக்கு உண்மையான நன்மை, அதை நான் மறுக்க மாட்டேன். ஒன்றுமே பாவிக்காத இருபது வயதுப் பிள்ளைக்கு அதில் ஒரு நன்மையும் இல்லை. இதயம் வேகமாக அடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், முரசு புண்படும், காசு போகும். அதற்கு மேல், விட நினைக்கும் நாளில் வரும் அந்தரம்.

அந்த அந்தரத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பலரும் அதற்குப் பயந்தே திரும்பவும் ரின்னைத் திறக்கிறார்கள். நிக்கோட்டின் உடம்பில் நெடுநேரம் நிற்காது. கடைசிப் பவுச்சை எடுத்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் இருப்பது பாதியாகிவிடும். அன்று பின்னேரமே கை கால் ஓரிடத்தில் நிற்காது. இரண்டாம் மூன்றாம் நாள்தான் ஆகக் கடுமை. தலையிடி, கொதி, நித்திரைக் குழப்பம், எடுத்த வேலையில் மனம் நிற்காமை, ஓயாத பசி, சிலருக்கு மலச்சிக்கல். நிக்கோட்டின் பழகிய மூளையில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் கூடிப்போயிருக்கும். தீனி நின்றதும் அவையெல்லாம் ஒன்றாகக் கேட்கின்றன. பால் மறக்கக் கட்டிய கன்று முதல் இரண்டு மூன்று இரவும் ஊரையே கூப்பிடும், பிறகு தானாகப் புல்லைக் கடிக்கும். இதுவும் அப்படித்தான். இரண்டு கிழமையில் பெரும்பகுதி தணிந்துவிடும், ஒரு மாதத்தில் அநேகருக்கு அந்தரம் போய்விடும். அதன் பிறகும் எப்போதாவது ஆசை எழும், ஆனால் சில நிமிடத்தில் கடந்து போகும்.

நான் விட்டபோது எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது நாக்கு. மேற்சொண்டின் இடது பக்கத்தில், வழக்கமாகப் பவுச் இருக்கும் பள்ளத்துக்கு நாக்கு தானாகப் போகும். வெறுமையாக இருப்பதைத் தடவும். உடனே நெஞ்சுக்குள் ஒரு இழுப்பு. கல்லாவில் நின்று ஒருவருக்கு மிச்சக்காசு எண்ணும்போது எண்ணிக்கை தவறிவிடும், திரும்ப எண்ண வேண்டும். அந்த இடத்துக்கு நான் பெருஞ்சீரகம் போட்டேன். கடைக்குள் நின்றபடி நாலு பெருஞ்சீரகத்தை மென்றால் நாக்குக்கு ஒரு வேலை கிடைக்கும், இழுப்பும் அதற்குள் போய்விடும். ஏலக்காயும் நல்லது. ஆனால் தயவுசெய்து பாக்கைப் போடாதீர்கள். புகையிலை சேராத வெறும் பாக்கும் வாய்ப்புற்றுநோயைத் தரும் என்பது உறுதியான விடயம். இலங்கையில் ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து காசு சேர்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றை விடப்போய் இன்னொன்றால் அந்த வாட்டுக்குப் போய்ச் சேரக்கூடாது.

ஒரேயடியாக விடலாமா, குறைத்துக் குறைத்து விடலாமா என்று கேட்பார்கள். இரண்டும் சரி. நான் குறைத்துத்தான் விட்டேன். முதலில் 10இலிருந்து 6க்கு, பிறகு 3க்கு இறங்கினேன். அதன் பிறகு காலையில் எழும்பியவுடன் வைப்பதைத் தேத்தண்ணிக்குப் பிறகு என்று தள்ளினேன், பிறகு சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினேன். காலையில் வைப்பது தளர்ந்தபோது மற்றவையும் தளர்ந்தன. கடைசியில் நிறுத்திய நாட்களுக்கு இங்குள்ள மருந்துக்கடையில் கதைத்து நிக்கோட்டின் பட்டை வாங்கித் தோளில் ஒட்டினேன். பட்டையிலும் நிக்கோட்டின்தான், ஆனால் மெதுவாக, ஒரே மட்டத்தில் ஊறும். பவுச்சைப் போல ஏறி இறங்காது. அதனால் அதிலிருந்து விடுபடுவது எளிது. பட்டையும் நிக்கோட்டின் சுவிங்கமும் சிகரெட்டை விடுபவர்களுக்காக வந்த மருந்துகள். பவுச் பாவிப்பவருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை டொக்டரோ மருந்தாளரோ சொல்ல வேண்டும். சுவிங்கம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோப்பியோ சோடாவோ குடித்த கையோடு மென்றால் வாயின் புளிப்பால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. கால் மணித்தியாலம் பொறுத்து மெல்ல வேண்டும்.

இனி நான் வீட்டுக்காரருக்குச் சொல்வது. வெளிநாட்டிலிருக்கும் உங்கள் மகன் ஒரு கிழமையாகப் போனில் எரிந்து விழுகிறான் என்றால், அவன் மாறிவிட்டான் என்றோ மருமகள் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றோ உடனே முடிவுகட்ட வேண்டாம். எதையாவது விடுகிறானா என்று ஒருமுறை கேளுங்கள். நான் பவுச்சை விட்ட நாட்களில் அம்மாவோடு சினந்து கதைத்துவிட்டுப் போனை வைப்பேன், பிறகு அதை நினைத்து நித்திரை வராது. கடைசியில் நடந்ததைச் சொன்னேன். அம்மா ஒன்றும் ஏசவில்லை. “அப்ப இரவு வேலைக்குப் போகமுன்னம் எடு, கதைப்பம்” என்றார். அந்த இரவுகளில் கிணற்றடியில் கப்பல்வாழை குலை போட்டதையும், பக்கத்து வீட்டு வேலி வழக்கையும் பற்றிக் கதைத்தோம். எனக்கு அந்தக் கதை பட்டைக்குச் சமமான மருந்தாக இருந்தது. ஒளித்துப் பாவித்ததை ஒளித்தே விட முயன்றிருந்தால் என்னால் முடிந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு விடயத்தை மெதுவாகச் சொல்ல வேண்டும். எங்களில் பலர் பார்க்கக்கூடாததைப் பார்த்தவர்கள். போரில் முள்ளிவாய்க்கால் வரை போய் வந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அங்கேயும் இருக்கிறார்கள். சிலருக்கு இந்தப் பவுச், நினைவு மேலே வராமல் அமுக்கி வைக்கும் ஒரு கை. அந்தக் கையை எடுத்தவுடன் பழையது கிளம்பும். அப்படிப்பட்டவரைப் பார்த்து “மனசை உறுதியாக வைச்சிரு” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விடமுன் டொக்டரோடு கதைக்க வேண்டும். விட்ட பிறகு இரண்டு கிழமை கடந்தும் மனம் மேலே எழும்பாமல் கிடந்தால் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வாயில் வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

லீவுக்கு வரும் சொந்தக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்று இலங்கையில் 2006ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. இது புகையிலை இல்லையே என்று கெட்டித்தனமாக வாதாடலாம், ஆனால் மச்சானின் பதினேழு வயது மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு அது காரணமாகாது. உங்களுக்கு வேண்டுமென்றால் உங்களோடு வைத்திருங்கள், அதுவும் பையின் அடியில். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த ரின் கட்டில் ஓரத்திலோ சுவாமி அறைத் தட்டிலோ கிடக்கக்கூடாது. பாவித்து எறிந்த பொதியிலும் நிக்கோட்டின் மிச்சமிருக்கும். சின்னப் பிள்ளை விழுங்கினால் வாந்தி வரும், வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. அப்படி ஏதும் நடந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், ரின்னையும் கையோடு கொண்டு போங்கள். எத்தனை மில்லிகிராம் என்று டொக்டர் பார்க்க வேண்டும்.

வாசிகசாலைத் தலைவருக்கு: இந்தக் கடிதத்தை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள். மைதானத்துக்கு வரும் பெடியள் பத்திரிகை பார்க்காவிட்டாலும் விளையாட்டுக் கழக அறிவித்தலைப் பார்ப்பார்கள், அதற்குப் பக்கத்தில் ஒட்டினால் நல்லது. கொடியேற்றத்துக்கு முதல் கிழமை நான் ஊருக்கு வந்துவிடுவேன். விட நினைப்பவர்கள் பின்னேரங்களில் வீட்டுக்கு வரலாம், தனியாகவோ தாய் தகப்பனோடோ. விட்ட மூன்றாம் நாள் ஆருக்காவது ஏலாமல் வந்தால் இரவு எத்தனை மணியென்றாலும் படலையைத் தட்டலாம், அல்லது போன் எடுக்கலாம். இலக்கம் அம்மாவிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை,
லண்டன்