நைட்ரோவுக்கு டாட்டா, ஆனா உஷாரு

புனே ஃப்ளாட்டுக்குக் குடிவந்ததுலேர்ந்து தங்கமணியோட ஒரே புகார்: "பால்கனியெல்லாம் வெளக்கெண்ணெய் நாத்தம்." பொய்யில்லீங்க, என்னோட நைட்ரோ பிளேன் எரிபொருள்ல மெத்தனாலோட அதுவும் கலந்திருக்கும். சரின்னு எலக்ட்ரிக்குக்கு மாறினேன்.

நம்மள மாதிரி பழைய நைட்ரோ ஆளுங்க "நமக்குத்தான் ஓட்டத் தெரியுமே"ன்னு நேரா போர் விமான மாடலுக்குப் போயிடறோம். எனக்கும் ஆசைதான். வேண்டாங்க. இறக்கை மேல இருக்கற ஃபோம் ட்ரெய்னர் வாங்குங்க. சின்னதா உடைஞ்சா பசை போட்டு ஒட்டிட்டு அன்னிக்கே பறக்கவிடலாம். மிச்சக் காசை நல்ல பேலன்ஸ் சார்ஜர்ல போடுங்க. லிப்போ பேட்டரியை செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தக்கூடாது, சும்மா வெச்சிருக்கும்போது 3.8 போதும். சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கப் போறது? மூச்!

என்னை நடுங்க வெச்சது வேற. நைட்ரோ எஞ்சின் நின்னா நின்னதுதான். ப்ளக்கைச் சூடாக்கி, சுத்திவிட்டாத்தான் மறுபடி ஓடும். அந்தப் பழக்கத்துல, பேட்டரி மாட்டின பிளேனைப் பையன்கிட்ட "புடிடா"ன்னு குடுத்துட்டேன். என் கட்டைவிரல் த்ராட்டில்ல பட்டுச்சு. சத்தமில்லாம நின்னுட்டிருந்த ப்ரொபெல்லர் விர்ர்ருனு சுத்துது! அவன் வாலுக்குப் பக்கத்துல புடிச்சிருந்ததால விரல் தப்பிச்சது.

இப்போ மைதானத்துல, மூக்குக்கு முன்னாடி யாரும் இல்லாதப்போதான் பேட்டரி மாட்டறேன். வீட்டுல நோண்டணும்னா ப்ரொபெல்லரைக் கழட்டிட்டுத்தான். கழட்டினது தங்கமணி கஸ்டடியில இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைலதான் திரும்பக் கிடைக்கும் :-)